எல்லாரும் ஏறும்போது ஆல்டோ நிற்க வேண்டிய சுரம்

எங்கள் சபையின் பாடகர் குழுவில் 24 பேர். சோப்ரானோ (பெண்களின் உயர்ந்த குரல், மெட்டு இவர்களுடையது) 10, ஆல்டோ (அதற்குக் கீழே உள்ள பெண் குரல்) 8, டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) 6. வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம் பயிற்சி. ஓர் ஆராதனைக்காக ஒரு காஸ்பல் பாடலை எடுத்தோம். கையில் ஆறு வாரம் இருந்தது. அந்த ஆறில் பாதி, பல்லவியின் இரண்டாவது வரியில், கடைசி அசையில், ஆல்டோவின் ஒரே ஒரு சுரத்துக்குப் போனது. அந்தச் சுரம் ஏன் தவறியது, தவறுகிறது என்று கண்டுபிடிக்கவே ஏன் அத்தனை நாள் ஆனது, கடைசியில் எப்படிச் சரியானது என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பார்ட்ஸ், அதாவது ஒவ்வொரு குரலும் பாட வேண்டிய வரி, சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. அதனால் நான் செய்த தவறுகளையும் அந்தந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

பாடலும் அதன் அமைப்பும்

கீர்த்தனைப் புத்தகம், ஞானப்பாட்டுப் புத்தகம் பார்த்துப் பாடிப் பழகியவர்களுக்கு நான்கு பார்ட் என்பதுதான் வழக்கம்: சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ். காஸ்பல் கொயரில் பெரும்பாலும் மூன்றுதான். அடிச்சுரத்தைப் பிடிக்கும் வேலையை ஆர்கனும் பேஸ் கிட்டாரும் பார்த்துக்கொள்ளும். மேலே மூன்று குரல்களும் ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு கார்டின் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுர அடுக்கு) மூன்று சுரங்களையும் பங்கிட்டுக்கொண்டு நிற்கும். மெட்டு ஏறினால் மற்ற இரண்டும் கூடவே ஏறும், இறங்கினால் கூடவே இறங்கும். காஸ்பலின் அந்த அடர்த்தியான, நெஞ்சில் வந்து மோதுகிற சத்தம் இந்த நெருக்கத்திலிருந்துதான் வருகிறது.

இது கறுப்பின அமெரிக்கர்களின் சபைகளில் பிறந்து வளர்ந்த பாடும் முறை. தாமஸ் டார்சி 1932-ல் சிகாகோவின் பில்கிரிம் பாப்டிஸ்ட் சபையில் இசைப் பொறுப்பேற்றார். அந்தக் காலகட்டத்தில்தான் காஸ்பல் பாடல்களுக்கென்றே தனிக் கொயர்கள் சபைகளில் உருவாயின. ஜேம்ஸ் கிளீவ்லண்ட் 1967-ல் தொடங்கிய காஸ்பல் மியூசிக் வொர்க்‌ஷாப் ஆஃப் அமெரிக்கா, பல ஊர்ப் பாடகர்களை ஓரிடத்தில் கூட்டி, சில நாட்களுக்குள் புதுப் பாடல்களைக் கற்றுக்கொடுத்து, ஒரே பெரிய கொயராகப் பாட வைத்தது. இந்த மரபில் காதுதான் புத்தகம். சொல்லிக்கொடுப்பவர் ஒரு வரியைப் பாடுவார், அந்தப் பார்ட்காரர்கள் திருப்பிப் பாடுவார்கள். சோப்ரானோவுக்கு ஒரு முறை, ஆல்டோவுக்கு ஒரு முறை, டெனருக்கு ஒரு முறை. அப்புறம் மூன்றும் சேர்த்து. நாங்களும் அப்படித்தான் செய்தோம். யார் கையிலும் தாள் இல்லை.

எங்கள் பாடலின் சுருதி ஏ ஃப்ளாட். பல்லவியின் இரண்டாவது வரி நான்கே அசை. டோ, ரே, மி, ஃபா, சோ, லா, டீ என்று ஏறும் கணக்கில் எழுதினால் இப்படி வரும் (சரிகம பழகியவர்கள் டோ இருக்கும் இடத்தில் ச வைத்துப் படிக்கலாம்):

சோப்ரானோ: சோ – லா – டீ – டோ
ஆல்டோ: மி – ஃபா – சோ – சோ
டெனர்: டோ – டோ – ரே – மி

சோப்ரானோ படிப்படியாக ஏறி மேல் டோவில் போய் நிற்கிறது. பாடலின் வெற்றிச் சொல் முடிகிற இடம் அதுதான். டெனர் முதலில் ஒரு முறை நின்று, பிறகு ஏறுகிறது. ஆல்டோ முதல் மூன்று அசைக்கு ஏறிவிட்டு, நான்காவதில் இருந்த இடத்திலேயே நிற்க வேண்டும். இந்த ‘இருந்த இடத்திலேயே’ என்பதுதான் பிரச்சினை.

என்ன கேட்டது

முதல் வாரமே மூன்று பார்ட்டையும் சொல்லிக்கொடுத்துவிட்டேன். ஆல்டோ எட்டுப் பேரும் தங்கள் வரியை வேகமாகப் பிடித்தார்கள். சேர்த்துப் பாடியபோது, கடைசி அசையில் ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரிந்தது. ஆனால் அபசுரம் என்று சொல்ல முடியாது. யாரும் முகம் சுளிக்கவில்லை. கீபோர்டு சேர்ந்தபோது கொஞ்சம் கலங்கலாக இருந்தது. கீபோர்டை நிறுத்திவிட்டுப் பாடினால் கலங்கல் போய்விட்டது, ஆனால் அந்த வெற்றிச் சொல் சோகமாக முடிந்தது. ‘உணர்வோடு பாடவில்லை போல’ என்று நினைத்தேன். முதல் வாரத்தில் நான் செய்த தவறு அது. சுரத்தில் இருந்த கோளாறை உணர்ச்சியில் தேடினேன்.

இரண்டாவது வாரம் ஆல்டோ பார்ட்டை மட்டும் நானே பாடிப் பதிவு செய்து எல்லாருக்கும் அனுப்பினேன். வீட்டில் அதைப் போட்டுப் பழகி வந்தார்கள். பயிற்சியில் ஆல்டோவைத் தனியாக நிறுத்திக் கேட்டேன்: மி, ஃபா, சோ, சோ. எட்டுப் பேரும் ஒரே குரலாக, கச்சிதமாகப் பாடினார்கள். சரி, வந்துவிட்டது என்று சோப்ரானோவைச் சேர்த்தேன். அதே சோகம், அதே இடத்தில்.

அடுத்து நான் செய்ததைப் பல கொயர்களில் பார்த்திருக்கிறேன். “ஆல்டோ, இன்னும் சத்தமா” என்றேன். அவர்கள் குரலைக் கூட்டினார்கள். அதைக் கேட்டுச் சோப்ரானோவும் கூட்டியது. சுற்றிலும் இரைச்சல் கூடும்போது நாமும் அறியாமலே குரலை உயர்த்திவிடுவோம். பேச்சில் நடப்பதுதான் பாட்டிலும் நடக்கும். அந்த நிலையில் சொந்தக் குரல் சொந்தக் காதுக்கே கேட்காது. பக்கத்துக் குரல்தான் கேட்கும். தவறு முன்னைவிட உறுதியாகிவிட்டது.

சோதித்தது

மூன்றாவது வாரம் பாடுவதை நிறுத்திவிட்டுக் கேட்பது என்று முடிவு செய்தேன். முதல் ஒரு மணி நேரத்தை அந்த நான்கு அசைக்கே ஒதுக்கினேன். யாரையும் குறை சொல்வதற்காக அல்ல, எங்கே உடைகிறது என்று பார்ப்பதற்காக என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். இதைச் சொல்வது முக்கியம் என்று நினைக்கிறேன். தனியாகப் பாடச் சொன்னாலே பலருக்குத் தொண்டை இறுகிவிடும். இறுகிய தொண்டையை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

எட்டுப் பேரையும் ஒவ்வொருவராகக் கேட்டேன்: எட்டும் சரி. ஆல்டோ எட்டும் சேர்ந்து: சரி. ஆல்டோவும் டெனரும்: சரி. ஆல்டோவும் கீபோர்டும்: சரி. ஆல்டோவோடு ஒரே ஒரு சோப்ரானோ: ஆறு பேர் நின்றார்கள், இரண்டு பேர் நகர்ந்தார்கள். சோப்ரானோ மூன்று பேர்: ஏறக்குறைய எல்லாரும் நகர்ந்துவிட்டார்கள்.

நகர்ந்தவர்கள் எங்கே போனார்கள்? ஆல்டோ வரிசைக்கு நடுவில் ஒரு கைபேசியை வைத்துப் பதிவு செய்து, அந்தக் கடைசி அசையைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். மி, ஃபா, சோ, லா. நிற்க வேண்டிய சோவில் நிற்காமல் ஒரு படி ஏறி லாவுக்குப் போயிருந்தார்கள்.

லா என்று தெரிந்ததும் மற்றதெல்லாம் தானாக விளங்கியது. டெனர் மி, ஆல்டோ லா, சோப்ரானோ டோ. மூன்றையும் அடுக்கினால் அது மைனர் கார்டு, சோகமாக ஒலிப்பது. டோவில் பிரகாசமாக முடிய வேண்டிய வரி, மைனரில் போய் உட்கார்ந்திருக்கிறது. அது முறையான கார்டு என்பதால்தான் யார் காதையும் உறுத்தவில்லை. கீபோர்டு சேர்ந்தபோது வந்த கலங்கலுக்கும் இதுவே காரணம்: கீபோர்டின் கையில் சோ, ஆல்டோவின் வாயில் லா, இரண்டும் அடுத்தடுத்த சுரங்கள், ஒன்றோடொன்று உரசின.

ஏன் லா

வேறு எந்தச் சுரத்துக்கும் போகாமல் ஏன் லாவுக்கே போனார்கள்? இதற்கு விடை கிடைத்த இடத்தைத்தான் இந்த ஆய்வின் மையமாக நினைக்கிறேன்.

சோப்ரானோவையும் ஆல்டோவையும் மட்டும் சேர்த்து வைத்துப் பாருங்கள். சோவுக்குக் கீழே மி. லாவுக்குக் கீழே ஃபா. டீக்குக் கீழே சோ. மூன்றிலும் இடைவெளி ஒன்றுதான்: மெட்டிலிருந்து எண்ணினால் மூன்றாவது சுரம். நான்காவது அசையிலும் அதே இடைவெளியை வைத்தால் டோவுக்குக் கீழே என்ன வரும்? லா.

அதாவது ஆல்டோ எட்டுப் பேரும் சோப்ரானோவோடு சேர்ந்தவுடன், கற்ற பார்ட்டை விட்டுவிட்டு, மெட்டுக்குக் கீழே மாறாத தூரத்தில் நடக்கத் தொடங்கிவிட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், காது நல்ல ஒருவர் தானாக ஒரு பாட்டுக்கு ஹார்மனி (மெட்டோடு இசைந்த துணைக்குரல்) போடும்போது முதலில் செய்வது இதுதான். சபையில் பக்கத்தில் நிற்பவர் பாட்டோடு ஒட்டி ‘கீழ்க்குரல்’ பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலும் இந்த மூன்றாவது சுரத் தூரம்தான் அது. காது சரியில்லாததால் வந்த தவறு அல்ல இது. நல்ல காதுதான் அவர்களை லாவுக்குக் கூட்டிப்போனது. சரியான பார்ட்டில் அந்த நான்காவது அசையில் தூரம் விரிகிறது. சோவுக்கும் மேல் டோவுக்கும் நடுவே நான்கு சுர அளவு. அந்த விரிவு அவர்களுக்குப் பழக்கமில்லை.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. டீயிலிருந்து டோவுக்கு அரைச் சுரம்தான். டீயைக் கேட்டாலே டோ எப்போது வரும் என்று காது காத்திருக்கும். சோப்ரானோவின் அந்த இழுப்பு எல்லாரையும் மேலே தூக்குகிறது.

டெனரும் ஒரு முறை நிற்கிறதே, அங்கே ஏன் தவறவில்லை என்று நானே கேட்டுப் பார்த்தேன். டெனர் நிற்பது டோவில். அதுதான் பாட்டுக்கே வீடு. அங்கே நிற்பது யாருக்கும் கஷ்டமில்லை. தவிர அது வரியின் தொடக்கம், ஏறும் வேகம் இன்னும் கால்களுக்கு வந்திருக்காது. ஆல்டோவோ இரண்டு படி ஏறிய பிறகு, எல்லாரும் உச்சிக்குப் போகிற நொடியில், நடுவில் நிற்க வேண்டியிருக்கிறது.

ஆல்டோவில் ஓர் அக்கா. குழுவிலேயே அதிக ஆண்டுகள் பாடியவர், வலுவான குரல். சோப்ரானோவை ஒட்டிய ஓரத்தில் நிற்பார். ஆல்டோ வரிசை முழுக்க அவரைக் கேட்டுத்தான் பாடும். பதிவில் முதலில் லாவுக்கு ஏறியது அவர் குரல்தான். ஒரு நொடி கழித்து மற்றவர்கள் பின்னால் போனார்கள். அன்று பயிற்சி முடிந்ததும் அவரோடு உட்கார்ந்து பேசினேன்.

“அக்கா, தனியாப் பாடும்போது அந்த இடத்துல எப்படி இருக்கு?”

“ஒண்ணும் இல்ல தம்பி. நிக்கணும், நிக்கிறேன்.”

“சோப்ரானோ வந்ததும்?”

கொஞ்சம் யோசித்தார். “எல்லாரும் மேல போறப்ப நான் மட்டும் அங்கயே நின்னா, பின்தங்கிட்ட மாதிரி இருக்கு. தப்பாப் பாடுறோமோன்னு பயம் வருது. அதான் போயிடுறேன்.”

என் கைபேசிப் பதிவு சொல்லாததை அவர் சொல்லிவிட்டார். ஆல்டோ பார்ட்டை நான் அவர்களுக்குத் தனி மெட்டாகக் கொடுத்திருந்தேன். தனியே பாடும்போது அது மெட்டாகவே இருந்தது. ஆனால் அந்தச் சோ மற்ற இரண்டு குரல்களோடு சேரும்போது எப்படிக் கேட்கும் என்பதை ஒருமுறைகூட அவர்கள் காதில் போடவில்லை. சரியான சத்தம் எது என்று தெரியாதவருக்கு, சரியாக நிற்பதே தவறாகத் தோன்றும். ஆல்டோவை மட்டும் பதிவு செய்து அனுப்பியது இதை இன்னும் கெட்டிப்படுத்திவிட்டது.

சரிசெய்தது

நான்காவது வாரம் சொற்களை எடுத்துவிட்டேன், தாளத்தையும் எடுத்துவிட்டேன். ‘ஊ’ என்று மட்டும். சோப்ரானோ டீ, ஆல்டோ சோ, இரண்டு சுரம்தான். அதை மெதுவாக, மூச்சு தாங்கும்வரை பிடித்தோம். என் இடது கையை ஆல்டோவுக்கு நேரே மட்டமாக நீட்டினேன், வலது கையால் சோப்ரானோவை மட்டும் டோவுக்கு உயர்த்தினேன். இடது கை அசையவில்லை. ஆல்டோ நின்றது. நின்ற அந்த இடத்தில் இரண்டு குரலுக்கும் நடுவே ஓர் இடம் திறந்ததை எல்லாரும் கேட்டார்கள். யாரோ ஒருவர் “ஓ” என்றார். திரும்பவும் டீக்கு இறங்கி, திரும்பவும் ஏறினோம். பத்துப் பன்னிரண்டு முறை இருக்கும். அப்புறம் டெனரைக் கீழே மியில் சேர்த்தேன். பிரகாசமாக ஒலிக்கும் முழு மேஜர் கார்டும் அந்த அறையில் நின்றது. அந்த ஒலி கிடைத்த பிறகு, லா தவறு என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேண்டுமென்றே ஒருமுறை லாவைப் பாடச் சொன்னேன். அவர்களே தலையசைத்துவிட்டார்கள்.

பிறகு பின்னாலிருந்து முன்னால் வந்தோம். கடைசி அசை மட்டும். பிறகு மூன்றாவதும் நான்காவதும். பிறகு கடைசி மூன்று. பிறகு முழு வரி. முன்னாலிருந்து பின்னால் பழகினால் தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்குப் போகிறோம், போகப் போகப் பயம் கூடும். பின்னாலிருந்து வந்தால் எப்போதும் நன்றாகத் தெரிந்த இடத்தில் போய் முடிகிறோம். கடினமான இடம் வரியின் முடிவில் இருக்கும்போது இந்த முறையை நான் இப்போது தயங்காமல் எடுக்கிறேன்.

அடுத்தது எண்ணிக்கை. ஆல்டோ எட்டுக்கு எதிரே ஒரு சோப்ரானோ, மெல்லிய குரலில். நின்றதும் மூன்று பேர். பிறகு ஆறு. பிறகு பத்து. எங்கே ஆட்டம் கண்டதோ அங்கிருந்து ஒரு படி இறங்கி மறுபடி ஏறினோம். குரலைக் கூட்டச் சொல்லவே இல்லை. ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்தால் சொந்தக் குரல் கூடுதலாகத் திரும்பி வரும். தடுமாறியவர்கள் அதைச் செய்துகொண்டார்கள்.

பிறகு ஒரு காரியம் செய்தேன், அது இவ்வளவு பலன் தரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆல்டோவையும் சோப்ரானோவையும் இடம் மாற்றினேன். ஆல்டோ எட்டும் மெட்டைப் பாட, சோப்ரானோ பத்தும் சோவில் நிற்க வேண்டும். சோப்ரானோ பத்தும் லாவுக்கு ஏறிவிட்டார்கள்! அதுவரை ‘ஆல்டோவுக்குத்தான் வரவில்லை’ என்றிருந்த பேச்சு அங்கேயே நின்றது. தவிர, மெட்டை வாயால் பாடிப் பார்த்த ஆல்டோக்காரர்கள், தங்கள் பார்ட்டுக்குத் திரும்பியபோது மெட்டை மனதுக்குள் ஓடவிட்டுக்கொண்டே பாடினார்கள். மெட்டைக் கேட்காமல் காதை மூடிக்கொள்வதுதான் ஹார்மனி பாடும் வழி என்று சிலர் நினைக்கிறார்கள். பத்துப் பேர் பக்கத்தில் பாடும்போது எத்தனை நேரம் மூடிக்கொள்ள முடியும்? மெட்டு எங்கே போகிறது என்று தெரிந்தவரை அது இழுத்துக்கொண்டு போவதில்லை.

அக்காவை ஓரத்திலிருந்து எடுத்து, ஆல்டோவின் மறுபக்கம், டெனரை ஒட்டி நிறுத்தினேன். முதலில் தயங்கினார். தண்டனை போலத் தெரிந்திருக்கலாம். “உங்க குரலைக் கேட்டுத்தான் இவங்க ஏழு பேரும் நிக்கிறாங்க அக்கா, அதனாலதான் உங்களை அசையாத இடத்துல வைக்கிறேன்” என்றேன். நிஜமாகவே அதுதான் காரணம். ஒரு காதில் டெனரின் மி வந்ததும், அவருடைய சோவுக்குக் கீழே ஒரு தளம் கிடைத்துவிட்டது. இரண்டு முறை பாடிவிட்டுச் சொன்னார்: “இப்ப எனக்குக் கீழயும் ஆள் இருக்கு, மேலயும் ஆள் இருக்கு. நடுவுல நிக்கிற மாதிரி இருக்கு, பின்தங்குன மாதிரி இல்ல.”

வீட்டுப் பயிற்சிக்கான பதிவையும் மாற்றினேன். இடது காதில் ஆல்டோ மட்டும், வலது காதில் சோப்ரானோவும் டெனரும். முதல் இரண்டு நாள் இரண்டு காதிலும் கேட்டுப் பாட வேண்டும். அப்புறம் இடது பக்கத்தைக் கழற்றிவிட்டு, வலது காதில் மற்ற இரண்டு பார்ட் ஓட, தன் பார்ட்டைத் தானே பாட வேண்டும். பழைய பதிவை அழித்துவிடச் சொன்னேன்.

வாம்ப்

ஐந்தாவது வாரத் தொடக்கத்தில் அந்தச் சுரம் நின்றுவிட்டது. அடுத்து வாம்ப் காத்திருந்தது. பாட்டின் பிற்பகுதியில் ஒரே சின்ன வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே போகும் பகுதி அது. தனிக்குரல் மேலே தன் போக்கில் பாட, கொயர் கீழே அதே சொற்களைச் சொல்லும். சில சுற்றுக்கு ஒருமுறை கொயர் அதே கார்டில் ஒரு படி மேலே தாவும். அதை இன்வெர்ஷன் என்பார்கள். எங்கள் பாடலில் மூன்று நிலை. சோப்ரானோ: சோ, டோ, மி. ஆல்டோ: மி, சோ, டோ. டெனர்: டோ, மி, சோ.

பொதுவாக இதை மூன்று தனித்தனிப் பார்ட்டாகச் சொல்லிக்கொடுப்பேன். ஒவ்வொரு தாவலிலும் யாராவது தொலைந்து போவார்கள். இந்த முறை அந்தச் சோவை வைத்து மூன்று வாரம் பட்ட பாடு, கார்டுக்குள் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கப் பழக்கியிருந்தது. இரண்டாவது நிலையில் ஆல்டோ பாடும் சோ, ஒரு நொடிக்கு முன் சோப்ரானோ பாடிக்கொண்டிருந்த சுரம். மூன்றாவது நிலையில் ஆல்டோவின் டோவும் அப்படித்தான், சோப்ரானோ அப்போதுதான் விட்ட சுரம். டெனருக்கோ ஒவ்வொரு முறையும் ஆல்டோ விட்ட சுரம். சோப்ரானோ மட்டும் புது இடத்துக்கு ஏறுகிறது. அதுவும் டெனர் விட்ட சுரத்தின் மேல் ஸ்தாயிதான். ஆக, ஒரே வரிதான் சொன்னேன்: “உங்களுக்கு மேல இருக்கிறவங்க பாடுறதை இப்பவே கேட்டு வச்சுக்குங்க, அடுத்து அது உங்க சுரம்.”

பக்கத்துக் குரலைக் கேட்டதால் தடுமாறிய அதே ஆல்டோ, இங்கே பக்கத்துக் குரலைக் கேட்டதால் தாவியது. மூன்று நிலையும் அரை மணி நேரத்தில் வந்துவிட்டன.

டெனரில் இரண்டு பேருக்குத் தாழ்ந்த குரல். மூன்றாவது நிலையில் டெனரின் சோ, ஏ ஃப்ளாட் சுருதியில், நடு சி-க்கு மேலே உள்ள ஈ ஃப்ளாட். அவர்கள் கழுத்து நரம்பு தெரியப் பாடினார்கள். அந்த நிலைக்கு மட்டும் சோப்ரானோவின் மெட்டை ஒரு ஸ்தாயி கீழே பாடச் சொன்னேன். அடிச்சுரம் பேஸ் கிட்டாரில் இருப்பதால் கார்டு கெடவில்லை. மூன்று பார்ட் கொயரில் தாழ்ந்த ஆண் குரலுக்கு இடமில்லை என்று யாரையும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.

கடைசியாகச் சுருதி மாற்றம். வாம்பின் இறுதியில் பாட்டு அரைச் சுரம் ஏறி ஏ-க்குப் போகிறது. கீபோர்டு இடையில் ஈ செவன்த் கார்டை வாசிக்கும். அந்தக் கார்டுக்குள் ஜி ஷார்ப் இருக்கிறது. அதுவும் ஏ ஃப்ளாட்டும் கீபோர்டில் ஒரே கட்டை. அதாவது பழைய டோ அப்படியே புதிய சுருதியின் டீயாகிவிடுகிறது. டோவில் இருப்பவர்கள் அதை டீயாகக் கேட்டால் போதும், காதே அரைச் சுரம் மேலே கூட்டிப்போய்விடும். பல்லவியில் ஆல்டோவை வம்பில் மாட்டிய அதே இழுப்பு இங்கே துணைக்கு வந்தது. மாற்றம் வருகிற நேரத்தில் ஆல்டோ மூன்றாவது நிலையின் டோவில்தான் நிற்கும் என்பதால், அவர்களுக்கு இது எளிதாகவே அமைந்தது. டெனருக்குத்தான் கூடுதலாகக் கொஞ்சம் பழக்கம் வேண்டியிருந்தது.

ஆராதனை நாள்

பல்லவி நான்கு முறை வந்தது. இரண்டாவது வரியின் கடைசி அசையில் நான்கு முறையும் ஆல்டோ நின்றது. மூன்றாவது முறை, சபையார் கைதட்டிக்கொண்டு உடன் பாடத் தொடங்கியபோது, ஆல்டோவில் சோப்ரானோ பக்கம் நின்ற ஓர் இளம்பெண் மட்டும் ஒரு நொடி லாவுக்குப் போய்த் திரும்பியது பதிவில் கேட்கிறது. நூற்றுக்கணக்கான பேர் மெட்டைப் பாடும்போது அது நடந்தது. பத்து சோப்ரானோவை மட்டும் வைத்துப் பழகியிருந்தோம். அடுத்த பாட்டுக்குக் கடைசி வாரப் பயிற்சியில், சபை நிரம்பிய ஒரு பதிவை ஒலிபெருக்கியில் ஓடவிட்டு அதன்மேல் பார்ட்ஸ் பாட வைக்கலாம் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

வாம்பில் இரண்டாவது தாவலுக்கு நான் கை காட்டியது அரைத் தாளம் தாமதம். டெனர் பாதி ஏறியது, பாதி நின்றது. ஒரு சுற்றில் சேர்ந்துகொண்டார்கள். சுருதி மாற்றம் சுத்தமாக வந்தது.

பாட்டு முடிந்து எல்லாரும் உட்காரும்போது அக்காவைப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். பாடலுக்காகவா, அந்தச் சுரத்துக்காகவா என்று நான் கேட்கவில்லை.

அடுத்த வாரம் புதுப் பாடல். இந்தமுறை பார்ட்ஸ் சொல்லிக்கொடுக்கும் முன்பே, மெட்டுக்கும் ஆல்டோவுக்கும் நடுவே தூரம் மாறும் இடங்களை நான் குறித்து வைத்திருந்தேன்: மொத்தம் இரண்டு. முதல் சுற்று பாடி முடித்ததும் அக்கா கை தூக்கினார்.

“தம்பி, மூணாவது வரியில நமக்கும் சோப்ரானோவுக்கும் நடுவுல இடம் அகலமாகுதே. அதை முதல்ல ‘ஊ’ போட்டுப் பாடிருவோமா?”

அந்த இடம் என் குறிப்பில் இல்லை. கீபோர்டில் வாசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி.